தூரச்செவியும் தங்கையின் நிச்சயதார்த்தமும்

சந்தேகப்படுகிற சுபாவம் உள்ள ஆளுக்குக் காது கொஞ்சம் மந்தமாக இருப்பதே குடும்பத்துக்கு நல்லது. கண்ணால் பார்க்கிற விஷயத்தில் சந்தேகம் வந்தால் கிட்டே போய்ப் பார்த்துத் தெளிந்துகொள்ளலாம். காதில் விழுகிற விஷயம் அப்படியில்லை. அரை வார்த்தை விழுந்தால் போதும், மீதி அரை வார்த்தையைச் சந்தேகமே எழுதி முடித்துவிடும்.

நான் பிறவியிலேயே சந்தேகக்காரன். பால்காரர் சிரித்தால் தண்ணீர் கலந்திருக்கிறார் என்று நினைப்பேன். சிரிக்காவிட்டால் நிறையவே கலந்திருக்கிறார் என்று நினைப்பேன். இப்படிப்பட்ட ஒருவனுக்கு, மனிதக் காதுக்கு எட்டாத ஒலியையெல்லாம் கேட்கிற சக்தி வந்துவிட்டதாக ஒரு நினைப்பும் சேர்ந்துகொண்டால் என்ன நடக்கும்? என் தங்கை பவித்ராவின் நிச்சயதார்த்தத்தில் நடந்தது நடக்கும்.

அப்போது நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் கார் கதவுக்குக் கைப்பிடி செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலையில் இருந்தேன். பக்கத்துக் கொட்டகையில் நாள் முழுக்க இரும்புத் தகட்டை அடித்துக்கொண்டே இருப்பார்கள். அதனால் வருஷத்துக்கு ஒரு தடவை எல்லோருக்கும் காது பரிசோதனை உண்டு. அந்த வருஷம் வந்த டாக்டர் என் இரண்டு காதிலிருந்தும் அழுக்கு எடுத்தார். எடுத்ததைத் தட்டில் வைத்துக் காட்டியபோது என் தலைக்குள் இவ்வளவு இடம் இருந்ததா என்று எனக்கே ஆச்சரியம். பிறகு ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். நம்மை ஏமாற்றுவதற்காகக் கேட்காத மாதிரி ஒரு சத்தத்தை நடுவில் விடுவார்கள் என்று எனக்குச் சந்தேகம். அதனால் அமுக்கிக்கொண்டே இருந்தேன். பரிசோதித்த பெண் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "குமரேசன் சார், உங்களுக்குக் காது ரொம்ப நல்லா கேக்குது. சவுண்டு வராதப்பக்கூட அமுக்குறீங்க" என்றாள்.

இதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

வெளியே வந்தால் உலகம் இரைந்துகொண்டிருந்தது. என் சட்டைக் கை உரசுகிற சத்தம் எனக்குக் கேட்டது. காண்டீனில் எதிரே உட்கார்ந்திருந்த டில்லிபாபு அப்பளம் கடித்தது, யாரோ கூரை ஓடு உடைக்கிற மாதிரி கேட்டது. டில்லிபாபு என்னோடு வேலை பார்த்தவன். சோறு ஆறினாலும் பரவாயில்லை என்று செல்போனில் ஆன்மிக வீடியோ பார்க்கிறவன். நான் விஷயத்தைச் சொன்னதும் அவன் அப்பளத்தைக் கீழே வைத்துவிட்டான்.

"மச்சான், இது அழுக்கு எடுத்ததால வந்தது இல்ல. உனுக்குத் தூரச்செவி தொறந்துகீது" என்றான்.

ஞானிகளுக்கு மட்டும் வாய்க்கிற சக்தியாம் அது. பல மைல் தள்ளிப் பேசுகிற பேச்சும், எறும்பு நடக்கிற ஓசையும் காதில் விழுமாம். பயிற்சி எடுக்காமல் விட்டால் மறுபடி மூடிக்கொண்டுவிடுமாம். பூந்தமல்லியில் ஒரு குருஜி ஞாயிற்றுக்கிழமை காலையில் வகுப்பு எடுக்கிறார் என்று அவனே அழைத்துப்போனான். (அழைத்துப்போனவன் சேரவில்லை. எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.)

செல்போன் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் ஒரு ஹால். குருஜி மிக மெதுவாகப் பேசினார். நாங்கள் எல்லோரும் முன்னால் சாய்ந்து கேட்க வேண்டியிருந்தது. காதில் பஞ்சை வைத்துக்கொண்டு புருவ மத்தியில் கவனத்தை நிறுத்தச் சொன்னார். ஒலியைத் தேடிப் போகக் கூடாது, ஒலி நம்மைத் தேடி வரும் என்றார். முக்கியமான நிபந்தனை ஒன்றும் சொன்னார்: தூரச்செவியில் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது, சொன்னால் சக்தி போய்விடும்.

பிறகு சோதனை வைத்தார். அவர் பக்கத்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு வார்த்தை சொல்வார், நாங்கள் இங்கிருந்தே அது என்ன என்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் முருகன், மின்னல், மாம்பழம் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள். நான் "தாமரை" என்றேன். குருஜி வெளியே வந்து, தாம் சொன்னது "தாமிரம்" என்றும், நான் வாசல்வரை வந்துவிட்டதாகவும் சொல்லி என் தலையில் கை வைத்தார். இரண்டு அறைக்கும் நடுவில் இருந்தது பிளைவுட் தட்டி. உலகத்தில் எல்லாவற்றையும் சந்தேகப்படுகிற எனக்கு அந்த பிளைவுட்டை மட்டும் சந்தேகப்படத் தோன்றவில்லை.

எங்கள் வீடு முத்தாபுதுப்பேட்டையில். தாத்தா காலத்து நிலமெல்லாம் மனையாகிப் போன பிறகு நைனா ஆவடியில் பெயின்ட் கடை வைத்திருந்தார். கடையில் வாடிக்கையாளர் சொல்கிற கலரை அவர் பெரும்பாலும் நம்ப மாட்டார், வீட்டுக்கே போய்ச் சுவரைப் பார்த்துவிட்டுத்தான் டப்பாவைத் திறப்பார். என் சுபாவம் எங்கிருந்து வந்தது என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். ஆனால் அவர் சந்தேகப்பட்டுவிட்டுப் போய்ப் பார்ப்பார். நான் சந்தேகப்படுவதோடு நிறுத்திக்கொள்வேன்.

பூந்தமல்லி வகுப்பு வீட்டில் தெரியும். என் சக்தியை மட்டும் நேரடியாகச் சொல்லாமல், ஜாடையாக நிரூபிக்க ஆரம்பித்தேன். மாடியில் உட்கார்ந்தபடியே "அம்மா, பால் பொங்குது" என்று குரல் கொடுத்தேன். அம்மா கீழேயிருந்து, அது பொங்கித் தீய்ந்து நாற்றம் தெருவுக்கே போய்விட்டது, இப்போது என்ன என்றாள். பட்டாபிராம் பக்கம் ரயில் போகிறது என்று ஒரு நாள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். நைனா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், காற்று இந்தப் பக்கம் அடித்தால் எல்லோருக்கும்தான் கேட்கும் என்றார். இதற்கெல்லாம் நான் அசரவில்லை. சக்தி இல்லாதவர்கள் அப்படித்தான் பேசுவார்கள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். காது கூர்மையானதும் மனிதனுக்கு முதலில் கேட்பது தன்னைப் பற்றிய பேச்சுதான். நான் படியிறங்கி வந்தால் அம்மாவும் பவித்ராவும் பேச்சை நிறுத்தினார்கள். ஒரு நாள் சமையலறையில் பவித்ரா, "அண்ணனுக்கு மட்டும் தெரிய வேணாம்" என்று சொன்னது தெளிவாகக் கேட்டது. அம்மா "ஆமாமா, அவனாண்ட சொன்னா அவ்ளோதான்" என்றாள். எனக்குத் தெரியக் கூடாத அளவுக்கு இந்த வீட்டில் என்ன நடக்கிறது? நான் உள்ளே போனதும் இரண்டு பேரும் புடவைக் கலரைப் பற்றிப் பேசினார்கள். மிக மட்டமான நடிப்பு.

பவித்ராவுக்கு வரன் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. அவள் ஆவடியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். எதையும் ஊசி குத்துகிற மாதிரி நேராகச் சொல்கிறவள். மாப்பிள்ளை மோகன், திருவேற்காடு. லிஃப்ட் பொருத்துகிற கம்பெனியில் சூப்பர்வைசர். அப்பா இல்லை. அம்மா சரோஜா, அவருடைய தம்பி ஏகாம்பரம், இந்த இரண்டு பேர்தான் அவர்கள் தரப்பில் பெரியவர்கள். ஏகாம்பரம் மாமா திருவேற்காட்டிலிருந்து கோயம்பேட்டுக்கு ஷேர் வேன் ஓட்டுகிறவர்.

பெண் பார்க்க வந்த அன்றே மோகன் மேல் எனக்குச் சந்தேகம் விழுந்துவிட்டது. சோபாவில் முதலில் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து, வலிய வந்து இன்னொரு ஓரத்தில் உட்கார்ந்தார். நான் அந்த ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "நைட் ஷிஃப்ட் எல்லாம் உண்டா?" என்று கேட்டேன். பதிலே சொல்லாமல் எதிரே பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தார். நைட் ஷிஃப்ட் என்றதும் வாயடைத்துப் போகிற ஆள் ராத்திரியில் எங்கே போகிறார்? நைனா ஏதோ ஜோக் சொன்னபோது எல்லோரும் சிரித்து முடித்த பிறகு சிரித்தார். வாசலில் வழியனுப்பப் போனபோது நான் இந்தப் பக்கம் வந்தால் அவர் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். போன் வந்தால் ஒரு காதிலேயே வைத்துப் பேசினார், அதுவும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

அன்று அவரும் பவித்ராவும் மொட்டை மாடியில் கொஞ்ச நேரம் தனியாகப் பேசினார்கள். இறங்கி வந்த பவித்ரா முகம் மலர்ந்திருந்தது. பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டாள். நான் தனியாகக் கூப்பிட்டு, "அந்த ஆள் எதையோ மறைக்கிறாரு" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தவள், "அதெல்லாம் ஒண்ணுமில்ல, நீ உன் வேலையப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அந்தப் பார்வையில் ஒரு திடுக்கிடல் இருந்தது. குறித்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் நாங்கள் மாப்பிள்ளை வீடு பார்க்கத் திருவேற்காடு போனோம். அங்கேதான் என் தூரச்செவி முழுமையாக வேலை செய்தது.

நாங்கள் முன் ஹாலில் உட்கார்ந்திருந்தோம். கேசரி சாப்பிட்டு முடித்திருந்தோம். சரோஜா அத்தையும் ஏகாம்பரம் மாமாவும் காபி கொண்டுவருகிறோம் என்று பின்பக்கம் போயிருந்தார்கள். நடுவில் ஒரு அறை, ஒரு சமையலறை, சாத்திய கதவு. நான் வழக்கம்போல் புருவ மத்தியில் கவனத்தை நிறுத்திக் கண்ணை மூடினேன். அப்போது, பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி, ஏகாம்பரம் மாமாவின் குரல் வந்தது.

"இத்த போயி இன்னாத்துக்கு எல்லாராண்டயும் சொல்லிக்கினு? ஒண்ணு சின்ன வயசுலயே போயிட்ச்சி. கீற இன்னொண்ண வெச்சி நல்லாதானே ஓட்டிகினு கீறான்."

கையில் இருந்த காலிக் கேசரிக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். ஒண்ணு போய்விட்டது, இன்னொண்ணை வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறார். அப்படியானால் என் தங்கை மூன்றாவது.

கண்ணைத் திறந்து சுற்றிலும் பார்த்தேன். நைனா விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா புடவை முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். யார் முகத்திலும் ஒரு சலனம் இல்லை. அவர்கள் காதுக்கு எட்டாத ஒலி என் காதுக்கு மட்டும் எட்டியிருக்கிறது. பயமும் பெருமையும் ஒன்றாக வந்து, கொஞ்ச நேரம் எது எது என்று பிரிக்க முடியவில்லை. காபி வந்தது. ஏகாம்பரம் மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே இரண்டு பெண்கள் தெரிந்தார்கள்.

வெளியே சொன்னால் சக்தி போய்விடும். சொல்லாவிட்டால் தங்கை வாழ்க்கை போய்விடும். நேரடியாகச் சாட்சி பிடித்தால் சக்தியையும் காப்பாற்றலாம், தங்கையையும் காப்பாற்றலாம் என்று யோசித்தேன். நிச்சயதார்த்தப் புடவை எடுக்க எல்லோரும் ஆவடிக்குப் போனபோது ஷேர் ஆட்டோவில் மோகனுக்கு இடது பக்கம் நான் இடம் பிடித்தேன். மற்றவர்கள் பேச்சில் இருந்த சமயம் பார்த்து, அவர் காதருகே குனிந்து மெதுவாக, "மூத்தவங்க எப்படிப் போனாங்க?" என்றேன்.

ஆள் அசையவில்லை. கண் இமைகூடத் துடிக்கவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இன்னொருத்தங்க எங்க இருக்காங்க, திருவேற்காட்டுலயா?" என்றேன்.

அதற்கும் அசைவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவராகவே என் பக்கம் திரும்பி, கையில் வைத்திருந்த வேர்க்கடலைப் பொட்டலத்தை நீட்டி, "எடுத்துக்கங்க மச்சான்" என்றார். இப்படி ஒரு கல்லுளிமங்கனை என் வாழ்நாளில் பார்த்ததில்லை. இரண்டு மனைவிகளைப் பற்றிக் காதுக்குள் கேட்கிறேன், கடலை கொடுக்கிறார். (கடலையைச் சாப்பிட்டேன். நன்றாக வறுத்திருந்தது.)

டில்லிபாபுவிடம் மட்டும், யாரோ ஒருவர் வீட்டு விஷயம் என்று சொல்லி யோசனை கேட்டேன். அவன் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, ஒரு பெண்ணைக் காப்பாற்ற ஒருவன் தன் சக்தியையே தியாகம் செய்தால் அது அடுத்த பிறவியில் இரட்டிப்பாக வரும் என்று ஒரு வீடியோவில் பார்த்ததாகச் சொன்னான். நான் தியாகத்துக்குத் தயாரானேன். இதைச் சாதாரணமாக ஒரு சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து நைனாவிடம் கேட்டிருக்கலாம். ஆனால் அங்கேயும் எனக்குத் தெரியாமல் ஏதோ பேசிக்கொள்கிறார்கள். யாரை நம்புவது?

நிச்சயதார்த்தம் திருவேற்காட்டில் ஒரு சின்ன மண்டபத்தில். எங்கள் பக்கம் முத்தாபுதுப்பேட்டையே வந்திருந்தது. மேடையில் இரண்டு தரப்பும் எதிரெதிரே உட்கார்ந்திருக்க, ஐயர் லக்னப் பத்திரிகை வாசிக்கத் தயாரானார். கூட்டத்துக்குக் கேட்க வேண்டும் என்று அவர் அங்கவஸ்திரத்தில் ஒரு குட்டி மைக்கைச் செருகியிருந்தார்கள். நைனா அவரை ஒட்டி உட்கார்ந்திருந்தார்.

வாசிக்க ஆரம்பிப்பதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். நான் மேடை ஏறி, நைனாவுக்கும் ஐயருக்கும் நடுவே குனிந்து, நைனாவின் காதில் மட்டும் விழுகிற மாதிரி ரகசியமாகச் சொன்னேன்:

"நைனா, நிறுத்துங்க. மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே ரெண்டு பொண்டாட்டி. ஒண்ணு செத்துப்போச்சு, இன்னொண்ண வெச்சுக் குடும்பம் நடத்துறாரு."

என் குரல் மண்டபத்தின் நான்கு மூலையிலிருந்தும் என்னிடமே திரும்பி வந்தது. வாசலில் தெருவைப் பார்த்துக் கட்டியிருந்த ஸ்பீக்கரிலும் போயிருக்கிறது. அங்கே பூ விற்றுக்கொண்டிருந்த அம்மாள் எழுந்து வந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

நாதஸ்வரக்காரர் வாயிலிருந்து சீவாளியை எடுத்தார். என் உமிழ்நீர் இறங்கியதும் மைக்கில் கேட்டது. அதற்குப் பிறகுதான் ஐயர் மைக்கைக் கையால் பொத்தினார்.

மோகன் மட்டும் என்ன நடந்தது என்று சரியாகப் புரியாதவர்போல முகத்தைச் சுருக்கிக்கொண்டு பவித்ராவின் பக்கம் தலையைச் சாய்த்தார். அவள் அவருடைய வலது காதில் ஏதோ சொன்னாள். சொல்லும்போது கண் என் மேல் இருந்தது. அந்தப் பார்வையை ஒரு குழாயில் பிடித்துவைத்திருந்தால் அவள் வேலை செய்கிற இடத்திலேயே பரிசோதிக்கப் பயந்திருப்பார்கள். மோகன் கேட்டார், நிமிர்ந்தார், தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறார், குற்றம் வெளிப்பட்டுவிட்டது என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

ஏகாம்பரம் மாமா எழுந்துவிட்டார். "இன்னா பேச்சு பேசற? யார் சொன்னது உனுக்கு?" என்றார்.

எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. "நீங்கதான் சொன்னீங்க. உங்க ஊட்டுக்குப் பின்னால நின்னு, ஒண்ணு போயிட்டுது, இன்னொண்ண வெச்சு ஓட்டுறான்னு நீங்கதான் சொன்னீங்க. கதவு சாத்தியிருந்துச்சு. யாருக்கும் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டுச்சு" என்றேன். கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது என்னையறியாமல் நெஞ்சை நிமிர்த்தினேன்.

நைனா முதல் தடவையாக வாயைத் திறந்தார். "டேய், அது எல்லாருக்கும் கேட்டுச்சுடா" என்றார், மிக நிதானமாக.

அம்மா, எங்களுக்கு என்ன, அடுத்த தெருவுக்கே கேட்டிருக்கும் என்றாள். காலமெல்லாம் வேன் ஜன்னலில் தலையை நீட்டி கோயம்பேடு, கோயம்பேடு என்று கத்தியே பழகிய ஏகாம்பரம் மாமாவுக்கு ரகசியம் பேசத் தெரியாது. அவர் ரகசியம் என்று நினைத்துப் பேசுவது அவருடைய சாதாரணக் குரலைவிடக் கொஞ்சம் கரகரப்பாக இருக்கும், அவ்வளவுதான். அன்று அந்த ஹாலில் இருந்த எல்லோரும் அதைக் கேட்டிருக்கிறார்கள். நாகரிகம் தெரிந்தவர்கள் என்பதால் விசிறியைப் பார்த்திருக்கிறார்கள், முந்தானையைச் சரிசெய்திருக்கிறார்கள்.

மோகன் எழுந்து வந்து, ஐயரிடமிருந்து மைக்கைக் கேட்டு வாங்கினார். தன் இடது காதைத் தொட்டுக் காட்டினார்.

"காது, மச்சான். சின்ன வயசுல ஜுரம் வந்து இந்தக் காது போயிடுச்சு. மாமா அதத்தான் சொன்னாரு. இன்னொண்ண வெச்சுதான் ஓட்டிகினு கீறேன்."

மண்டபம் சிரித்த சிரிப்பில் மேடை அதிர்ந்தது. எனக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. சோபாவில் இடம் மாறியது, பதில் சொல்லாமல் புன்னகைத்தது, நடக்கும்போது பக்கம் மாறியது, ஆட்டோவில் கேட்காத காதுக்குள் குனிந்து குனிந்து நான் கேட்டது. எறும்பு நடப்பதைக் கேட்கப் பயிற்சி எடுத்தவனுக்கு, பக்கத்தில் இருக்கிற ஒரு மனிதனுக்குக் காது கேட்கவில்லை என்பது தெரியவில்லை.

இதோடு முடிந்திருந்தால் இது வெறும் சிரிப்பு. ஆனால் சரோஜா அத்தை சிரிக்கவில்லை. அவர் முகம் வெளுத்துப்போய் இருந்தது. கணவர் இல்லாமல் ஒற்றை ஆளாகப் பிள்ளையை வளர்த்தவர். பள்ளிக்கூடத்தில் செவிடன் என்று கூப்பிடுவார்களே என்று வாத்தியார்களிடம் மட்டும் தனியாகச் சொல்லி முன் பெஞ்சில் உட்காரவைத்தவர். சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்கு அன்றுவரை தெரியாது. அவர் என்னைப் பார்த்து, குரலே எழாமல், "இத்தினி வருசமா நான் பொத்திப் பொத்தி வெச்சத மைக்குல போட்டுட்டியேப்பா" என்றார். சொல்லிவிட்டு மணமகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சிரிப்பு அடங்கியது. கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. எங்கள் பக்கத்துப் பெரியப்பா ஒருவர், ஊனத்தை மறைத்துப் பெண் கேட்டிருக்கிறார்களே, இது என்ன நியாயம் என்று எழுந்தார். அவர்கள் பக்கம், இரண்டு பெண்டாட்டி என்று பழி போடுகிற வீட்டில் சம்பந்தம் வேண்டுமா என்று ஒருவர் எழுந்தார். இரண்டு பேரும் நாற்காலியைத் தள்ளிய வேகத்தைப் பார்த்தால் தட்டு மாற்றுவதற்குப் பதில் வேறு என்னவோ மாற்றிக்கொள்வார்கள்போல இருந்தது. நான் மேடையில் நின்றுகொண்டிருந்தேன். இறங்கினால் எந்தப் பக்கம் இறங்குவது என்று தெரியவில்லை.

பவித்ராதான் எழுந்தாள். மைக்கை வாங்கவில்லை. அவள் குரலுக்கு அது தேவைப்படவில்லை.

"எனக்குத் தெரியும். முதல் நாளே மாடியில சொல்லிட்டாரு. அவரா சொன்னாரு, நான் கேக்கல. அதனாலதான் சரின்னேன். அம்மா நைனாவுக்கும் சொல்லிட்டேன்" என்றாள். பெரியப்பா உட்கார்ந்தார்.

பிறகு என் பக்கம் திரும்பினாள். "உனக்குத்தான் சொல்ல வேணாம்னேன். தெரிஞ்சா காதைத் தொறக்கிறேன்னு அவரையும் பூந்தமல்லிக்கு இழுத்துக்கினு போயிருப்ப."

அது உண்மை. போயிருப்பேன்.

நான் அறைக் கதவுக்கு வெளியே நின்று, அத்தை, மன்னிச்சுக்கங்க என்று சொன்னேன். கதவில் காதை வைத்துப் பார்த்தேன். பஞ்சு இல்லாமல், புருவ மத்தி இல்லாமல், ஒரு சாதாரண மனிதனாக வைத்துப் பார்த்தேன். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. அதற்கு மேல் கேட்க எனக்குத் துணிவில்லை, விலகி வந்துவிட்டேன்.

மோகன்தான் உள்ளே போனார். என்ன சொன்னார் என்று யாருக்கும் தெரியாது. வெகுநேரம் கழித்து அம்மாவின் தோளைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்தார். பத்திரிகை வாசிக்கப்பட்டது, தட்டு மாறியது. சாம்பார் ஆறிப்போயிருந்தது. பந்தியில் மோகன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். உட்காருவதற்கு முன்னால், "மச்சான், நீங்க இந்தப் பக்கம் வந்துருங்க, அந்தப் பக்கம் பேசினா எனக்குக் கேக்காது" என்று சத்தமாகவே சொன்னார். பரிமாறுகிறவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். இப்படி எல்லோர் எதிரிலும் சொல்வது அவருக்கு அன்றுதான் முதல் தடவை என்று பிறகு பவித்ரா சொன்னாள். அதற்காக என்னை மன்னித்துவிட்டாள் என்று நினைக்க வேண்டாம். கல்யாணம்வரை அவள் என்னோடு பேசவில்லை.

குருஜியிடம் நான் மறுபடி போகவில்லை. வெளியே சொன்னதால் சக்தி போய்விட்டது, ஆனால் அடுத்த பிறவி உறுதி என்று டில்லிபாபு ஆறுதல் சொன்னான். அவனையும் அதற்குப் பிறகு நான் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன்.

சரோஜா அத்தைதான் பிடி கொடுக்கவே இல்லை. மரியாதைக் குறைவு எதுவும் கிடையாது, ஆனால் என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேச மாட்டார். நான் எதிரில் உட்கார்ந்திருப்பேன். அவர் பவித்ராவிடம், "உங்க அண்ணன் காபி சாப்புடுவாரா, கேளு" என்பார். சாப்பிடுவேன் என்று நானும் பவித்ராவிடமே சொல்வேன். நடுவில் அவள் ஒருத்தி, டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மாதிரி.

பவித்ராவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. திருவேற்காட்டில் கோயில் பக்கத்திலேயே காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன் என்பதால் குழந்தை என் மடியில். பத்தர் ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது, நான்தான் நடுங்கிக்கொண்டிருந்தேன். கூட்டத்தில் யாரோ, இந்தத் தலைமுறையில் நம் குடும்பத்தில் முதல் காதுகுத்து இதுதான் என்றார்கள்.

வெல்லத் தட்டோடு நின்றிருந்த சரோஜா அத்தை என்னைப் பார்த்தார். நேராகவே பார்த்தார்.

"இதுவா மொதல்? நம்ம குமரேசனுக்குப் பூந்தமல்லில குத்துனாங்களே" என்றார்.

முதலில் சிரித்தது மோகன். அப்புறம் அத்தையே சிரித்துவிட்டார். வெல்லத்தை ஒரு துண்டு எடுத்து, குழந்தைக்குக் கொடுப்பதற்கு முன்னால் என் வாயில் போட்டார். அந்தச் சமயம் பார்த்துப் பத்தர் ஊசியை இறக்க, குழந்தை வீறிட்டது. என் கண்ணிலும் தண்ணீர். ஊசியால்தான் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தேன்.

அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. வீட்டுக்கு யாராவது புதிதாக வந்தால், சரோஜா அத்தை சொல்லிக்கொடுத்தபடி, என் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு சத்தமாகக் கேட்கும்: "மாமா, உனுக்கு எந்த ஊர்ல காது குத்துனாங்க?"

எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். நான் ஊர்ப் பெயரைச் சொல்லியாக வேண்டும்.